பேரிக்காய் முகத்து மன்னர்

அரசரைக் கேலியாக வரைவது பெரிய வித்தை இல்லை. மூக்கை நீட்டி, தொப்பையைப் பெருக்கி, கிரீடத்தைக் கொஞ்சம் கோணலாகக் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. அரசர் போனதும் படமும் போய்விடும். அப்படிப் போய்ச் சேர்ந்தவை கணக்கில் அடங்காதவை. போகாமல் நின்றவையும் சில உண்டு. 1830க்கும் 1835க்கும் இடையில், லூயி பிலிப் என்ற பிரெஞ்சு மன்னரை வைத்துப் பாரிஸ் ஓவியர்கள் கல்லச்சில் போட்ட படங்கள் அந்த ரகம். அந்த மன்னரை இன்று வரலாற்று மாணவர்களைத் தவிர யாரும் நினைப்பதில்லை. அவர் தலை இருந்த இடத்தில் அவர்கள் வைத்த பேரிக்காய் மட்டும் இன்னும் அழுகவில்லை.

இந்தப் படங்களை ரசிக்க அன்றைய பிரெஞ்சு அரசியல் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும். 1830 ஜூலையில் பத்தாம் சார்லஸ் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஆணை பிறப்பித்தார். பாரிஸ் மக்கள் மூன்று நாள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள். பிழைப்பில் மண் விழுந்த அச்சகத் தொழிலாளிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சார்லஸ் முடியைத் துறந்து நாட்டைவிட்டு ஓட, அவருடைய உறவினர் லூயி பிலிப் அரியணை ஏறினார். 'பிரான்சின் மன்னர்' என்ற பழைய பட்டத்தை விட்டு, 'பிரெஞ்சு மக்களின் மன்னர்' என்று புதிதாகச் சூட்டிக்கொண்டார். கோட்டும் உயரத் தொப்பியுமாக, கையில் குடையோடு தெருவில் நடந்து சாதாரண மனிதர்களோடு கைகுலுக்கினார். புதிய அரசியல் சாசனம், தணிக்கை இனி ஒருபோதும் திரும்பி வராது என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தது.

அந்த வாக்கை அப்படியே நம்பியவர் ஷார்ல் பிலிப்போன். நம்பினாரா, அல்லது அது எத்தனை நாள் தாங்கும் என்று தட்டிப் பார்த்தாரா என்பது வேறு விஷயம். லியோன் நகரத்தில் சுவர்த்தாள் தயாரித்தவரின் மகன் அவர். ஓவியராகச் சுமார்தான்; ஆனால் பத்திரிகையாளராக அசகாய சூரர். மைத்துனர் ஒபேரோடு சேர்ந்து, வேரோ-தொதா என்ற கூரை வேய்ந்த கடைவீதியில் ஒரு படக்கடை வைத்தார். 1830 நவம்பரில் 'லா கரிக்காத்யூர்' என்ற வார இதழையும், 1832 டிசம்பரில் 'லெ ஷரிவாரி' என்ற நாளிதழையும் தொடங்கினார். வார இதழில் எழுத்தோடு தனித்தாளில் கல்லச்சுப் படங்கள் வரும். நாளிதழில் தினம் ஒரு புதிய படம். சந்தா கட்ட வசதியில்லாதவர்களுக்குக் கடையின் கண்ணாடி ஜன்னல் இருந்தது. புதுப்படம் மாட்டிய அன்று அதன் முன்னால் கூட்டம் கூடும். கூட்டத்தையே படமாக வரைந்து விற்ற கடை அது.

இவ்வளவு வேகத்துக்கு வழி செய்தது கல். பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊர்ப் பக்கம் வெட்டியெடுக்கும் நயமான சுண்ணாம்புக்கல். அலோயிஸ் செனஃபெல்டர் என்ற நாடகாசிரியர், தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியபோது, 1790களின் கடைசியில் முனிச்சில் கண்டுபிடித்த முறை இது. கல்லின் முகத்தை மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துச் சமமாக்குவார்கள். கொழுப்பும் மெழுகும் விளக்குக்கரியும் சேர்த்துச் செய்த பென்சிலால் அதன்மேல் படம் வரைவார்கள். வரைந்தபின் கருவேலம்பிசினோடு துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கோடு விழாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளும். கோடு விழுந்த இடம் தண்ணீரைத் தள்ளி மையைப் பிடிக்கும். தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் இடவலம் மாறி வந்து நிற்கும்.

செம்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ ஓவியரின் கைக்கும் தாளுக்கும் நடுவே உளியோ அமிலமோ உட்கார்ந்திருக்கும். கல்லில் அந்தத் தரகு இல்லை. கை எப்படி நடுங்கியதோ அப்படியே அச்சாகும். கோபத்தில் அழுத்திய இடம் கறுப்பாகவும், சிரித்துக்கொண்டே வருடிய இடம் சாம்பலாகவும் விழும். கல்லின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பு பென்சிலைப் பொடிப்பொடியாக வாங்கிக்கொள்வதால், கல்லச்சின் நிழலுக்கு ஒரு தனி மணல்தன்மை உண்டு. வேலை முடிந்ததும் தேய்த்துவிட்டு அடுத்த படத்துக்கு அதே கல். இதே தொழில்நுட்பத்தை வைத்துத்தான் நம்மூரில் ரவிவர்மா அச்சகம் வீடுதோறும் லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாரிஸில் அதே கல் பக்திக்கு நேரெதிரான வேலையைப் பார்த்தது.

அதற்கு முன்னால் அரச பரிகாசம் இல்லாமல் இல்லை. லண்டனில் ஜேம்ஸ் கில்ரே இருந்தார். 1792இல் அவர் ஜோடியாகப் போட்ட இரண்டு செம்புத்தகட்டுப் படங்களில், ஒன்றில் இளவரசர் தின்று தீர்த்துச் சாய்ந்து பல்குத்துகிறார். மற்றொன்றில் அவருடைய தந்தை மூன்றாம் ஜார்ஜ் ஒற்றை முட்டையை வைத்துச் சிக்கனமாகச் சாப்பிடுகிறார். கில்ரேயின் கோடு சவுக்கு மாதிரி விழும். ஆனால் அவர் படத்தில் மூலைமுடுக்கெல்லாம் குறும்பு, எழுத்து, குறிப்பு என்று அடைந்து கிடக்கும். சிரித்து முடிப்பதற்குள் படிக்க இன்னும் பத்து விஷயம் பாக்கியிருக்கும். பாரிஸ்காரர்கள் இந்த நெரிசலைக் கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு பழத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்தப் பழம் பிறந்த இடம் நீதிமன்றம். 1831 ஜூனில் 'லா கரிக்காத்யூர்' ஒரு படம் வெளியிட்டது. சுவரில் எழுதியிருந்த ஜூலைப் புரட்சியின் வாசகங்களைக் கொத்தனார் ஒருவர் சாந்து பூசி அழிக்கிறார். கொத்தனார் முகம் மன்னர் முகம். வழக்குப் பாய்ந்தது. நவம்பர் 14 அன்று கூண்டில் நின்ற பிலிப்போனின் வாதம் இது: மன்னரின் பெயரும் பட்டமும் சின்னமும் இல்லாத படத்தில் வெறும் சாயலை வைத்துக் குற்றம் காண ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவீர்கள்? சொன்னதோடு விடவில்லை, நீதிபதிகள் முன்னால் வரைந்தும் காட்டினார். முதல் படம் லூயி பிலிப்பின் தலை, அப்படியே, மரியாதையாக. அதைத் தண்டிப்பதானால் அதைப் போன்ற இரண்டாவதையும் தண்டிக்க வேண்டும். அதில் தாடை கொஞ்சம் இறங்கி, நெற்றி கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது. இரண்டாவதைத் தண்டித்தால் மூன்றாவதை விட முடியாது. மூன்றாவதைத் தண்டித்தால் நான்காவது? நான்காவது ஒரு பேரிக்காய். காம்பும் இரண்டு இலையும் உச்சியில், மன்னரின் சிலுப்பிய முன்மயிர் இருந்த அதே இடத்தில்.

ஆறு மாதச் சிறை, 2,000 பிராங்க் அபராதம். வாதம் தோற்றது, ஆனால் அந்த நான்கு தலைகளை அவர் பத்திரிகையின் இணைப்புத் தாளாக அச்சிட்டு, அபராதம் கட்டப் பணம் சேர்க்கவென்று விற்றார். 1834 ஜனவரியில் 'லெ ஷரிவாரி' அதையே மரக்கட்டையில் செதுக்கி முதல் பக்கத்தில் போட்டது. மரக்கட்டை ஈய எழுத்தின் உயரத்துக்கே இருப்பதால் எழுத்தோடு சேர்த்து ஒரே அழுத்தில் அச்சாகிவிடும். கல்லச்சுக்குத் தனி யந்திரம் வேண்டும். முதல் பக்கத்துக்கு மரத்தையும் மூன்றாம் பக்கத்துக்குக் கல்லையும் அந்த நாளிதழ் வைத்துக்கொண்ட காரணம் இதுதான். அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. தீர்ப்பைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்பது சட்டம். பிலிப்போன் ஒரு வார்த்தை பிசகாமல் வெளியிட்டார், வரிகளைப் பேரிக்காய் வடிவத்தில் கோத்து. அச்சுக்கோப்பவரின் கையும் இந்தக் கேலியில் பங்கேற்ற அந்தப் பக்கத்தை நான் எந்த ஓவியத்துக்கும் குறைத்து மதிப்பதில்லை.

நான்கு தலைகளை நிதானமாகப் பார்த்தால் ஒரு சூட்சுமம் புரியும். கேலியான கோடு என்று சுட்டிக்காட்ட எந்தப் படத்திலும் ஒன்றும் இல்லை. முதலாவது நல்ல உருவப்படம். நான்காவது நல்ல பழம். குற்றம் நடப்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள வெள்ளைத்தாளில். அதைச் செய்வது பார்ப்பவரின் கண். பழத்தில் மன்னரைக் கண்டதுமே நீதிபதியும் குற்றத்துக்கு உடந்தை. முகச்சாயல் என்பது என்ன என்று ஆராய்ந்த கலை வரலாற்றாசிரியர் கோம்ப்ரிச், தன் 'கலையும் மயக்கமும்' நூலில் இந்தப் படத்தை எடுத்துப் பேசியது இதனால்தான்.

பிறகு பாரிஸ் சுவரெல்லாம் பேரிக்காய். ஓவியம் தெரியாத பையனும் கரித்துண்டால் இரண்டே வளைவில் மன்னரை வரைந்துவிட முடிந்தது. நெய்யி அரண்மனை வாசல் தூணில் ஒரு பொடியன் எம்பி எம்பிப் பேரிக்காய் வரைவதை மன்னரே பார்த்து, மிச்சத்தைத் தானே முடித்துக் கொடுத்து, கையில் ஒரு தங்கக் காசைத் திணித்து, பேரிக்காய் இதிலும் இருக்கிறது என்றாராம். விக்டர் ஹியூகோ 'லே மிசெரபில்' நாவலில் சொல்லும் கதை இது. கதை மெய்யோ பொய்யோ, அதில் ஜெயிப்பவர் மன்னர்தான். தன்னைப் பற்றிய கேலியில் தானும் சேர்ந்துகொள்ளத் தெரிந்த ஆளைப் பழத்தால் மட்டும் வீழ்த்திவிட முடியாது. அதற்குப் பழத்துக்குச் சதை வேண்டும், எடை வேண்டும். அதைக் கொடுக்க ஓர் ஓவியர் வேண்டும்.

ஓனோரே தோமியே 1808இல் மார்செய்யில் பிறந்தவர். அப்பா கவிதை எழுதும் கண்ணாடிக்காரர்; கவிதையால் பெயர் எடுக்கலாம் என்று பாரிஸ் வந்து, குடும்பத்தை வறுமையில் தள்ளியவர். பையன் நீதிமன்ற அமீனாவிடமும் புத்தகக் கடையிலும் எடுபிடி வேலை பார்த்தான். நீதிமன்றத்தைச் சுற்றிய அந்த நாட்கள் பின்னால் எத்தனையோ வக்கீல் படங்களாக விளைந்தன. வாழ்நாளில் ஏறக்குறைய 4,000 கல்லச்சுகள் போட்டவர். பிலிப்போனிடம் வந்து சேர்ந்தபோது வயது இருபதை ஒட்டி.

1831 டிசம்பரில் அவர் போட்ட 'கார்கந்துவா' எல்லோருக்கும் தெரிந்த படம். ரபெலேயின் கதையில் வரும் பெருந்தீனி அரக்கனின் பெயர். பேரிக்காய்த் தலை மன்னர் மலைபோல உட்கார்ந்திருக்கிறார். பிளந்த வாயிலிருந்து ஒரு நீண்ட பலகை தரைவரை சாய்கிறது. கீழே கந்தல் கட்டிய ஏழைகள் இருக்கிற காசைக் கூடையில் போடுகிறார்கள். சித்தாள்கள் போல அமைச்சர்கள் கூடை சுமந்து பலகையில் ஏறி வாய்க்குள் கொட்டுகிறார்கள். பலகைக்கு அடியில் சிந்தியதைப் பொறுக்க நன்றாக உடுத்திய சிலர். ஆசனமோ வெறும் ஆசனம் இல்லை, ஓட்டை போட்ட மலநாற்காலி. அதன் அடியில் பதவி ஆணைகளாகவும் விருதுகளாகவும் கழிவு விழுகிறது. அதற்கும் பின்னால் கூட்டம் காத்திருக்கிறது. அரண்மனைச் செலவுக்கென்று ஆண்டுக்கு 18 மில்லியன் பிராங்க் கேட்ட நேரம் அது. கடைசியில் 12 மில்லியன் கிடைத்தது.

ஒபேர் கடை ஜன்னலில் மாட்டிய படத்தைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கல்லை அழிக்கச் சொல்லி உத்தரவு. தப்பிய பிரதிகள் மிகச் சில. 1832 பிப்ரவரியில் தோமியேவுக்கும் ஒபேருக்கும் அச்சிட்டவருக்கும் ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். தோமியேயை உடனே உள்ளே தள்ளவில்லை. அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆகஸ்டில் அரசவையைக் கிண்டல் செய்து இன்னொரு படம் வந்தது. அந்த மாதக் கடைசியில் சேந்த் பெலாஜி சிறை.

உலகம் கொண்டாடும் இந்தக் 'கார்கந்துவா' எனக்கு அவ்வளவு உவப்பில்லை. துணிச்சல் அபாரம், சிறைக்குப் போன படத்தைக் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனால் இது இன்னும் கில்ரேயின் பிள்ளை. காசு இங்கே ஏறுகிறது, அங்கே இறங்குகிறது என்று ஒரு யந்திரத்தை விளக்குவதுபோல இருக்கிறது. கோடு மெலிசு, நிழல் தயக்கம். தவிரவும், மன்னரை அரக்கனாக்கும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துவிடுகிறது. தாளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதற்கும் ஒரு ராஜகளை வந்துவிடும்.

இதற்கிடையில் பிலிப்போன் ஓயவில்லை. 1832 ஜூனில், பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்ட சதுக்கத்தின் நடுவே பீடம் கட்டி, அதன்மேல் பிரம்மாண்டமான பேரிக்காயை வைத்து ஒரு நினைவுச்சின்னத் திட்டம் வெளியிட்டார். கொலைக்குத் தூண்டுகிறார் என்றார் அரசு வக்கீல். மிஞ்சிப்போனால் ஜாம் கிண்டத் தூண்டியிருக்கலாம் என்று பிலிப்போன் பதில் சொன்னதாக வரலாறு. அபராதங்கள் குவியவே, அவற்றைக் கட்டுவதற்காகவே மாதம் ஒரு பெரிய கல்லச்சுப் படம் தரும் சந்தாத் திட்டம் ஒன்றை அந்த ஆகஸ்டில் தொடங்கினார். 24 மாதம், 24 படம். நல்ல தாள், பெரிய அளவு, பின்பக்கம் வெறுமை. அபராதம் போட்டவர்களே இந்தக் கலைக்குப் புரவலர்கள் ஆனார்கள். தோமியேயின் ஆரம்பகாலச் சாதனைகள் பல இந்தத் திட்டத்தில் வந்தவை.

சிறைக்குப் பின் அவர் கையில் என்ன நடந்தது என்று பார்க்க, 1834 ஜனவரியில் 'லா கரிக்காத்யூர்' வெளியிட்ட ஒரு சின்னப் படம் போதும். ஒரே பேரிக்காய்த் தலை, அதில் மூன்று முகம். இறந்தகாலம் கொழுகொழுவென்று நம்பிக்கையோடு ஒரு பக்கம் பார்க்கிறது. நிகழ்காலம் நேர்முகம், கடுகடுப்பு. எதிர்காலம் மறுபக்கம் தொங்கிப்போய் இருண்டு கிடக்கிறது. மூன்றுக்கும் ஒரே கிருதா, ஒரே முன்மயிர்க் குடுமி. இங்கே பேரிக்காய் வெறும் வெளிக்கோடு இல்லை. கன்னத்துச் சதையைக் கல்லில் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து உருட்டியிருக்கிறார். விரலால் அமுக்கினால் குழி விழும்போல இருக்கிறது. பிலிப்போன் சொன்ன துணுக்கு இங்கே ஒரு மனிதனின் தலைவிதி ஆகிவிட்டது.

பிறகு மன்னர் தோமியேயின் படங்களில் சிறுத்துக்கொண்டே போனார். 1834 மார்ச்சில் சந்தாத் திட்டத்துக்கு அவர் கொடுத்த படத்தில் நடுவே கால்களை அகட்டி, கையை முறுக்கிக்கொண்டு ஓர் அச்சகத் தொழிலாளி நிற்கிறார். இவரிடம் வாலாட்டாதே என்கிறது தலைப்பு. பின்னால், முழங்கால் உயரத்துக்கு இரண்டு கும்பல். ஒன்றில் ஏற்கெனவே விழுந்துவிட்ட பத்தாம் சார்லஸைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். மற்றொன்றில் லூயி பிலிப் குடையை ஓங்கிக்கொண்டு பாய்கிறார். அமைச்சர்கள் பின்னாலிருந்து இழுக்கிறார்கள். தொழிலாளி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'கார்கந்துவா'வின் அளவுக்கணக்கை அப்படியே தலைகீழாக்கிய படம். அரக்கன் இப்போது அச்சடிப்பவன். மன்னர் குடை பிடித்த பொம்மை. ஓர் அச்சுப்படம் தன்னை அச்சடித்த மனிதனுக்கு எடுத்த சிலை என்றும் இதைச் சொல்லலாம்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுவது அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்த லஃபாயெத் படம். 1830 ஜூலைக் கடைசியில் நகர மன்ற மாடத்தில் மூவர்ணக் கொடியோடு லூயி பிலிப்பைக் கட்டித் தழுவி, மக்கள் முன் அவரை மன்னராக்கியவர் கிழட்டுத் தளபதி லஃபாயெத். காரியம் முடிந்ததும் சில மாதத்தில் அவரை ஓரங்கட்டினார்கள். 1834 மே 20 அன்று அவர் இறந்தார். தோமியேயின் படத்தில் தூரத்தில் சவ ஊர்வலம், கல்லறை மேடு, சின்னச் சின்னதாக ஜனம். முன்னால் தனியாகக் கனத்த ஓர் உருவம்: கறுப்பு அங்கி, துக்கத் துணி தொங்கும் தொப்பி, கோத்த கைகள் முகத்தை மறைத்துக்கொண்டு பிரார்த்திக்கின்றன. முதல் பார்வைக்கு அழுகை. இரண்டாவது பார்வையில் கன்னம் தெரிகிறது. கன்னம் மேலே ஏறியிருக்கிறது. அழுபவனின் கன்னம் மேலே ஏறாது.

மன்னர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் காட்டிய பல் ஒன்றும் இல்லை. வாயும் முழுதாகத் தெரியாது. தலைப்பு வேறு, தொலைந்தாயா லஃபாயெத், வாங்கிக்கொள் கிழவா என்று மன்னரின் மனக்குரலைச் சொல்லிவிடுகிறது. தலைப்பை மூடிவிட்டுப் பார்த்தாலும் படம் நிற்கும். அந்த அங்கியின் கறுப்பைப் பாருங்கள். ஒரே கறுப்பாக அப்பியது இல்லை. தோளில் சாம்பல், வயிற்றுப் புடைப்பில் அடர்த்தி, மடிப்பில் அதைவிட அடர்த்தி, நடுநடுவே கல்லின் வெண்பொடி மினுங்குகிறது. துக்க உடைக்குள் ஒரு கொழுத்த உடல் குலுங்கிச் சிரிப்பதை அந்த நிழல்தான் சொல்கிறது. பேரிக்காய் வடிவம் முழு உடம்புக்கும் இறங்கிவிட்டது. ஆனால் பழத்தின் நினைவு நமக்கு வருவதில்லை, பாவனையின் நினைவுதான் வருகிறது. அரசர் கெட்டவர் என்று சொல்லும் படங்கள் ஏராளம். அரசர் நடிக்கிறார் என்று கையும் களவுமாகப் பிடித்த படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அதே சந்தாத் திட்டத்தில் வந்த 'திரான்ஸ்நொனேன் தெரு, 1834 ஏப்ரல் 15' பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், கவிஞர் போத்லேரும் எழுதினார். கலவரத்தை அடக்க வந்த படைவீரர்கள் 12ஆம் எண் வீட்டுக்குள் புகுந்து, தூக்கத்திலிருந்து எழுந்தவர்களைக் கொன்றார்கள். பன்னிரண்டு பேர். படத்தில் இரவுச் சட்டையோடு ஒருவர் கட்டிலில் சாய்ந்து சரிந்து கிடக்கிறார்; அவர் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை. இருட்டில் ஒரு பெண். படத்தின் விளிம்பில் ஒரு முதியவரின் தலை. கவிழ்ந்த நாற்காலி. மன்னர் எங்கும் இல்லை. பழம் இல்லை, குடை இல்லை. இதைப் பரிகாசப் படம் என்று சொல்வதே தப்பு. இருந்தும் இதை அரச பரிகாசப் படங்களின் வரிசையிலிருந்து என்னால் பிரிக்க முடியவில்லை. மூன்று ஆண்டு பார்த்துப் பழகிய பேரிக்காய், இந்த அறையில் இல்லாமல் இருப்பதே குற்றச்சாட்டு. போலீஸ் இதையும் தேடித் தேடிப் பறித்தது.

எல்லாம் 1835இல் முடிந்தது. ஜூலை 28 அன்று ஃபியெஸ்கி என்பவர் 25 துப்பாக்கிக் குழாய்களை வரிசையாகக் கட்டி மன்னரின் ஊர்வலத்தைச் சுட்டார். 18 பேர் இறந்தார்கள். மன்னர் நெற்றியில் கீறலோடு தப்பினார். இதைச் சாக்காக வைத்துச் செப்டம்பரில் வந்த சட்டம், முன் அனுமதி இல்லாமல் எந்தப் படமும் வெளிவரக் கூடாது என்றது. எழுத்துக்கு இந்த விதி இல்லை. எழுத்து கருத்து, படமோ செயல் என்பது அரசின் வாதம். நூற்றுக்கணக்கான கலை விமர்சகர்கள் சொல்லாத பாராட்டை அந்த வாதம் கல்லச்சுக்குச் சொல்லிவிட்டது. சட்டம் வருவதற்குள்ளேயே, ஆகஸ்ட் 27 அன்று 'லா கரிக்காத்யூர்' கடையை மூடியது. தோமியே 'லெ ஷரிவாரி'யில் மன்னரை விட்டுவிட்டு மோசடிக்காரர்களையும் வக்கீல்களையும் நடுத்தர வர்க்கக் குடும்பங்களையும் வரையப் போனார்.

பதிமூன்று ஆண்டு கழித்து, 1848 பிப்ரவரி 24 அன்று லூயி பிலிப் முடியைத் துறந்து இங்கிலாந்துக்குத் தப்பினார். மார்ச் 4 அன்று தோமியேயின் படம் வந்தது. துய்லரி அரண்மனையின் அரியணையில் ஒரு தெருப்பையன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். மெத்தை உள்ளே அமுங்குகிறது, அவனுக்குக் குஷி. பழிதீர்த்த வெறி அந்தப் படத்தில் துளியும் கிடையாது. கரித்துண்டால் சுவரில் பேரிக்காய் வரைந்த பையன்களில் ஒருவன் உள்ளே வந்து நாற்காலியைச் சோதித்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. கைதேர்ந்த ஓவியர் சும்மா கையை உதறி வரைந்ததுபோலப் பத்துப் பதினைந்து வேகக்கோடுகளில் சதை, துணி, துள்ளல் மூன்றும் வந்துவிடுகின்றன.

பேரிக்காயின் விதை அதோடு போகவில்லை. 1896இல் ஆல்ஃபிரெட் ஜாரி தன் 'உபு மன்னன்' நாடகத்துக்கு மரக்கட்டையில் தானே செதுக்கிய உருவம், கூம்புத் தலையும் வயிற்றில் சுருள் வட்டமுமாக, அதே குடும்பத்துப் பிள்ளை. மீரோ 1966இல் அந்த நாடகத்துக்கு வண்ணக் கல்லச்சுகள் போட்டார். அழகானவை, பல் இல்லாதவை. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1996, 97இல் எட்டு அமிலத்தகட்டு அச்சுகளில் உபுவைக் கொண்டுவந்தார். நிறவெறி ஆட்சியின் கொடுமைகள் உண்மை ஆணையத்தின் முன் வெளிவந்துகொண்டிருந்த நேரம். ஒரு சாதாரண மனிதனின் உடம்பைச் சுற்றி வெண்கோட்டில் உபுவின் பானை உருவம் ஒட்டிக்கொண்டு ஆடுகிறது. அரசன் வெளியே இல்லை, ஒவ்வோர் உடம்பையும் போர்த்தியிருக்கிறான் என்பது புதுச் சிந்தனை. ஜேமி ரீட் 1977இல் எலிசபெத் ராணியின் கண்ணையும் வாயையும் கிழித்த எழுத்துகளால் மறைத்துச் செய்த சுவரொட்டி இதைவிடப் பிரபலம். ஒரு தடவை அதிர வைத்தது. இரண்டாம் தடவை பார்க்க அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'லெ ஷரிவாரி' நாளிதழ்த் தாளில் படத்தின் முதுகுப்பக்கம் எழுத்து அச்சாகியிருக்கும். வெளிச்சத்தில் வரிகள் நிழலாடும். எழுத்தில்லாத வெள்ளைத்தாளில் தனியாக எடுத்த பிரதிகள் குறைவு. கறுப்பு அவற்றில் ஆழமாக இருக்கும், விலையும் கூடுதல். எனக்கு நாளிதழ்ப் பிரதியின்மேல்தான் ஆசை. காலையில் காசு கொடுத்து வாங்கி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்த தாள் அது.

பார்க்க மட்டும் விரும்புகிறவர்களுக்குச் செலவே இல்லை. பாரிஸ் தேசிய நூலகமும் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும் தோமியேயின் கல்லச்சுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. 'கார்கந்துவா'வில் தொடங்காதீர்கள். லஃபாயெத் படத்தை எடுத்து, கோத்த விரல்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.